புது புரோகிராமிங் மொழிக்கு மேனேஜர் சம்மதிக்க மாட்டேன் என்கிறார், என்ன செய்வது?

ராத்திரி_டிப்ளாய்:
எங்கள் டீமில் எட்டுப் பேர். ஜாவா 8, அதன் மேல் ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க். வாரத்துக்கு ஒரு தடவையாவது புரொடக்‌ஷனில் நல் பாயின்டர் (மதிப்பே இல்லாத இடத்தைத் தொட்டால் வரும் பிழை) வெடிக்கும். அடுத்து எழுதப்போகும் சின்ன சர்வீஸை கோட்லினில் (ஜாவாவோடு சேர்ந்தே ஓடும், நல் பிழையை முன்கூட்டியே பிடிக்கும் மொழி) எழுதலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன். இருபது ஸ்லைடு போட்டு, மாதிரி கோடும் ஓட்டிக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "சரிப்பா, நீ பேப்பர் போட்டு வேலையை விட்டுட்டா இதை யார் பார்ப்பா?"

கூகுள் 2017இலேயே ஆண்ட்ராய்டுக்கு கோட்லினை ஏற்றுக்கொண்டுவிட்டது. அதே வருடம் ஸ்பிரிங் 5உம் ஆதரவு கொடுத்தது. இதற்கு மேல் இவருக்கு என்ன சான்று வேண்டும்?

மூன்றாம்_மாடி:
அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன் தம்பி, அவர் கேட்டது நியாயமான கேள்வி. கூகுள் ஏற்றுக்கொண்டதா என்று அவர் கேட்கவே இல்லையே.

என் கதை இது. ஒரு கெட்டிக்காரப் பையன் ஆங்குலர்ஜேஎஸ் (வெப் ஸ்கிரீன் எழுத கூகுள் தந்த ஃபிரேம்வொர்க்) வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான், விட்டேன். நாற்பது ஸ்கிரீன் எழுதினான். அப்புறம் பேப்பர் போட்டான். தொண்ணூறு நாள் நோட்டீஸில் எனக்குக் கிடைத்தது வேலையைக் கைமாற்றும் கேடி மீட்டிங் இரண்டு. (அதற்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை.) 2021 டிசம்பரோடு அதற்கான ஆதரவை கூகுளே நிறுத்திவிட்டது. கிளையன்ட்டின் செக்யூரிட்டி ஆடிட்டில் நாற்பது ஸ்கிரீனும் சிவப்பு. மேலிடம் அந்தப் பையனையா கேட்டது? என்னைத்தான் கேட்டது.

நல் பாயின்டர்தான் தொல்லை என்றால் ஜாவா 8இலேயே, மதிப்பு இல்லாமலும் இருக்கலாம் என்று சொல்ல ஆப்ஷனல் இருக்கிறதே, உங்கள் டீமில் எத்தனை பேர் எழுதுகிறார்கள்? முதலில் ஜாவா 17க்கு வாருங்கள். டேட்டா கிளாஸைச் சுருக்கமாக எழுத ரெக்கார்டு எல்லாம் அதிலேயே கிடைக்கும்.

எர்லாங்_பைத்தியம்:
மூன்றாம் மாடி சார், உங்களை மாதிரி யோசித்தவர்கள்தான் எரிக்சனிலும் இருந்தார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காக அந்தக் கம்பெனிக்குள்ளேயே பிறந்த மொழி எர்லாங். 1998இல் அதன் ரேடியோ பிரிவு, புதுத் தயாரிப்புகளில் எர்லாங் கூடாது என்று தடை போட்டது. எர்லாங்கில் எழுதிய, எரிக்சனின் ஏஎக்ஸ்டி301 டெலிகாம் ஸ்விட்ச் வெளிவந்ததும் அதே வருடம்தான்! மொழியை உருவாக்கிய ஜோ ஆர்ம்ஸ்ட்ராங்கும் கூட்டாளிகளும் வெளியேறித் தனிக் கம்பெனி தொடங்கினார்கள். 2014இல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலர் கொடுக்கச் சம்மதித்து வாங்கிய வாட்ஸ்அப், அந்த எர்லாங்கில்தான் ஓடியது. அப்போது அங்கே அறுபது ஊழியர்கள்கூட இல்லை.

மூன்றாம்_மாடி:
வாட்ஸ்அப்பில் மொழியைத் தேர்ந்தெடுத்தவர்களே முதலாளிகள். யாரிடமும் ஸ்லைடு போட்டுக் காட்ட வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. லிஸ்ப் மொழியில் எழுதிய, ஆன்லைன் கடை அமைக்கும் வயாவெப்பையும் 1998இல் யாஹூ வாங்கியது, பிறகு சி++, பெர்ல் என்று மாற்றி எழுதியது. ஜெயித்த கதைகளை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் எப்படி?

இன்னொன்று. ஜாவா லைப்ரரியிலிருந்து வரும் மதிப்பு "நல்" ஆக (வெறுமையாக) இருக்குமா என்பது பெரும்பாலும் கோட்லினுக்கே தெரியாது. அந்தப் பழைய லைப்ரரிகளின் ஜார் ஃபைல்களைக் கூப்பிடுகிற வரைக்கும் ராத்திரி போன் வரத்தான் செய்யும்.

ராத்திரி_டிப்ளாய்:
அது உண்மைதான் சார், ஸ்லைடில் அதைப் போடவில்லை. ஆனால் நாங்கள் எழுதுகிற கோடிலாவது ஓடுவதற்கு முன்பே கம்பைலர் பிடித்துவிடுமே. ஆப்ஷனலை எழுதச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது.

பில்டு_பச்சை:
தம்பி, ஸ்லைடைத் தூக்கிப் போடுங்கள். நாங்களும் இதே சண்டை போட்டவர்கள்தான். டெஸ்ட் கோடை மட்டும் கோட்லினில் எழுதிக்கொள்கிறோம் என்று ஒரு வரி மெயில் போட்டு, அனுமதி வாங்கினோம். டெஸ்ட் எதுவும் புரொடக்‌ஷனுக்குப் போகாது, பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம். எங்கள் மேனேஜருக்கு அந்த "அழித்துவிடலாம்" ரொம்பப் பிடித்துப்போனது.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. பழைய ஜாவா கிளாஸ்களுக்கு நடுவே கோட்லின் ஃபைலைப் போட்டால், லாம்போக் (ஜாவாவில் சலிப்பூட்டும் கோடைத் தானே எழுதித்தரும் கருவி) உருவாக்கும் கெட்டர் மெத்தட் எதுவும் கோட்லின் கம்பைலர் கண்ணுக்குத் தெரியாது, தனி பிளகின் வேண்டும். முதல் நாளே பில்டு சிவப்பாகி, மேனேஜர் எட்டிப் பார்த்தால் கதை முடிந்தது. டெஸ்டில் அந்தத் தொல்லை இல்லை, மெயின் கோடு ஏற்கெனவே கம்பைல் ஆகி வந்திருக்கும்.

முக்கியமானது, டீமில் இந்த மொழியை வெறுத்த ஒரு அண்ணனையே முதல் மூன்று டெஸ்ட் எழுதவைத்தோம். முணுமுணுத்துக்கொண்டேதான் எழுதினார். "பரவாயில்லை, படிக்கப் புரிகிறது" என்று ரெவ்யூவில் அவர் போட்ட ஒரு வரி செய்த வேலையை என் ஸ்லைடுகள் செய்யவில்லை.

மூன்றாம்_மாடி:
இப்படி வந்து கேட்டிருந்தால் நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் டெஸ்ட் என்று நுழைந்து ஆறு மாதத்தில் எல்லா இடத்திலும் பரவிவிடும் என்பதும் எனக்குத் தெரியும்.

பில்டு_பச்சை:
எட்டு மாதம் ஆனது சார். :)

ராத்திரி_டிப்ளாய்:
இன்று மேனேஜரிடம் பேசினேன். "ஜாவா 17க்கு மாத்தி முடி. அப்புறம் டெஸ்ட்டுக்கு எதை வேணும்னாலும் போட்டுக்கோ. ஆனா உன் பேரோட இன்னொருத்தர் பேரும் வேணும்" என்றார். டீம் குரூப்பில் கேட்டுப் போட்டேன். ஏழு பேரும் பார்த்துவிட்டார்கள், ஒருவரும் பதில் போடவில்லை. பச்சை, அந்த அண்ணனை எப்படி உட்காரவைத்தீர்கள்?

பில்டு_பச்சை:
அவர் ராத்திரி போன் எடுக்க வேண்டிய ஆன்கால் வாரம் ரெண்டை நான் எடுத்துக்கொண்டேன்.