ஜன்னல் ஓரப் பட்டையில் கொப்புளம்: 12 வருட துரு வாரண்டியில் வருமா?

கறுப்புக்கூபே:
2014 மாடல் ஜெர்மன் கூபே (இரண்டு கதவு கார்), பிரிட்டனில் ஓடும் வண்டி. ஜன்னலைச் சுற்றியுள்ள கறுப்புப் பட்டையில், சைடு மிரர் பக்கமாக, புழு ஊர்ந்த தடம் போல பெயின்ட் தூக்கியிருக்கிறது. நகத்தால் கீறினால் வெள்ளைப் பொடி கொட்டுகிறது. வாரண்டி புத்தகத்தில் துருவுக்கு 12 வருடம் என்று போட்டிருக்கிறது. இன்னும் சில மாதம் பாக்கி. ஷோரூமில் "வராது" என்கிறார்கள். உண்மையா? நானே தேய்த்து பெயின்ட் அடித்துவிடலாமா?

துத்தநாகம்:
உண்மைதான். அந்த 12 வருடம் தகடு ஓட்டையாவதற்கு மட்டும். பாடித் தகட்டை உள்ளிருந்து அரித்து வெளியே துளை விழுந்தால்தான் தருவார்கள். கல் பட்ட இடத்துத் துரு, பெயின்ட் கொப்புளம், பட்டை, எம்பளம் எதுவும் அதில் சேராது. பட்டைக்கு இருந்தது புது வண்டி வாரண்டி. அது எப்போதோ முடிந்திருக்கும். 1976 மாடலில் போர்ஷே 911-க்குத் துத்தநாகப் பூச்சுத் தகடு போட்டு 6 வருட உறுதி தந்தார்களே, அதுவும் தகட்டுக்குத்தான்.

ஆனால் தேய்க்க அவசரப்படாதீர்கள். உப்புத்தாள் பட்டதும் "வெளியாள் கை வைத்துவிட்டார்" என்று ஃபைலை மூடிவிடுவார்கள். முதலில் நல்ல வெயிலில், பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். சேஸி நம்பர், சர்வீஸ் ரசீதுகள், வருடாந்திர பாடி செக்கப் முத்திரைகள் எல்லாம் சேர்த்து, ஷோரூமை விட்டுவிட்டு கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கே எழுதுங்கள். வாரண்டி என்று கேட்காமல் குட்வில், அதாவது கடமை இல்லாவிட்டாலும் நல்லெண்ணத்தில் செய்யும் உதவி, என்று கேளுங்கள். முழுசாகத் தராவிட்டாலும் பார்ட்ஸ் பாதி, லேபர் உங்களுடையது என்று இறங்கி வர வாய்ப்பு உண்டு. பட்டை ஏற்கெனவே ஷோரூமில் காசு கொடுத்து மாற்றியதா என்றும் பாருங்கள். அப்படியென்றால் அந்தப் பார்ட்ஸுக்குத் தனி வாரண்டி இருக்கலாம், பில் முக்கியம்.

பட்டறை_மாணிக்கம்:
வெள்ளைப் பொடி என்றால் அலுமினியம். பெயின்ட்டில் ஒரு கீறலோ, வெட்டிய முனையோ கிடைத்தால் உப்பு நீர் உள்ளே போய் பெயின்ட்டுக்கு அடியிலேயே நூல் நூலாக ஓடும். பனிக்காலத்தில் ரோட்டில் உப்பு போடும் ஊரில் இது சகஜம்.

கம்பெனி கைவிரித்த பிறகு செய்வதென்றால்: பட்டையைக் கழற்றுங்கள். கிளிப் உடையும், அது உடைவதற்கென்றே பிறந்தது, புது செட் முதலிலேயே வாங்கிவிடுங்கள். 180 நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 320-ல் முடியுங்கள். கோடு நின்ற இடத்தோடு நிறுத்தாமல் 2 செ.மீ. தாண்டித் தேயுங்கள், ஒரு நூல் மிச்சமிருந்தாலும் அங்கிருந்து மறுபடி கிளம்பும். ஸ்டீல் உல் வேண்டவே வேண்டாம், இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து புது அரிப்பைத் தொடங்கிவைக்கும். கிரீஸ் ரிமூவரால் துடைத்து, அன்றைக்கே எபாக்ஸி பிரைமர். அதற்கடியில் எட்ச் பிரைமர் (ஆசிட் கலந்த பிரைமர்) அடிக்கக் கூடாது, இரண்டும் ஒத்துப்போகாது. மேலே சாட்டின் பிளாக், மெல்லிசாக 3 கோட். 2கே பெயின்ட்டில் (ஹார்டனர் கலந்து அடிப்பது) நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் உண்டு, தூசி மாஸ்க் அதற்குப் பத்தாது. காற்றுக் குழாய் மாஸ்க் இல்லையென்றால் பெயின்ட் கடையில் கொடுத்துவிடுங்கள்.

கறுப்புக்கூபே:
நன்றி அண்ணே. முதலில் படம், கடிதம். நண்பர் ஒருவரின் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் எம்ஜிபி-யில் குரோம் பொரிந்திருக்கிறது. அதற்கும் இதே வழிதானா?

பட்டறை_மாணிக்கம்:
இல்லை. காந்தம் வையுங்கள். ஒட்டினால் இரும்பு: அலுமினியத் தாளை உருண்டையாக்கி தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் பழுப்புப் புள்ளி போகும், பிறகு வாக்ஸ். நிக்கல் அடுக்கே போயிருந்தால் மறுபடி பிளேட்டிங்தான். காந்தம் ஒட்டாமல், கனமாக, குழிகுழியாக இருந்தால் மசாக், அதாவது துத்தநாக வார்ப்பு. அரிப்பு குரோமுக்கு அடியில் இருப்பதால் பாலிஷ் வீண். குழியைத் துளைத்துச் சுத்தம் செய்து, செம்பு ஏற்றி நிரப்பினால்தான் புது குரோம் நிற்கும். பிளேட்டிங் கடையில் "செம்பு நிரப்பி" என்று சொல்லியே விலை கேளுங்கள், இல்லையென்றால் குழிக்கு மேலேயே குரோம் போட்டுக் கொடுப்பார்கள்.

துத்தநாகம்:
ஒன்று விட்டுப்போச்சு. திருப்பி மாட்டும்போது அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவை வெறுமனே முறுக்காதீர்கள். தண்ணீர் பட்டால் ஸ்க்ரூ நன்றாக இருக்கும், அலுமினியம் கரையும். நைலான் வாஷர் போட்டு, மரையில் டூரலாக் (இரண்டு உலோகங்களுக்கு நடுவே அரிப்பைத் தடுக்கும் பசை) தடவுங்கள்.