போலி உந்துவிசையைக் காட்டும் முறுக்குத் தராசு: உதவி தேவை

வணக்கம். எரிபொருள் இல்லாமலே, மூடிய கலத்துக்குள் மைக்ரோவேவ் அலைகளை விட்டே விண்கலத்தைத் தள்ளுமாம் எம்டிரைவ் என்ற கருவி. 2016-ல் நாசா குழு ஒன்று கிலோவாட்டுக்கு 1.2 மில்லிநியூட்டன் உந்துவிசை கிடைத்தது என்றது. 2021-ல் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நுணுக்கமாக அளந்தபோது உந்துவிசையே இல்லை. சூட்டில் தராசின் பாகங்கள் விரிந்ததுதான் விசைபோலத் தெரிந்திருக்கிறது.

வேறொன்று உந்துவிசைபோலத் தெரியும் இத்தகைய பிழையைக் கும்பகோணம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணெதிரே காட்ட ஒரு முறுக்குத் தராசு கட்டுகிறோம்: கம்பியில் தொங்கும் சட்டம் எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்துச் சிறு விசையை அளப்பது. எங்கள் தராசில் ஏமாற்றப்போவது சூடு அல்ல, மின்னோட்டத்தைத் தள்ளும் புவிகாந்தம். மேக்னட்ரான் (மைக்ரோவேவ் அலைகளை உண்டாக்கும் குழாய்) வேண்டவே வேண்டாம், ஆபத்து.

அரை மீட்டர் பித்தளை வீணைக் கம்பி, 0.25 மி.மீ. (எஃகுக் கம்பி காந்தத்துக்கு மயங்கும்). அதில் வடக்கு தெற்காக 40 செ.மீ. மரச்சட்டம், முனைக்கு 100 கிராம், நடுவில் மின்கலமும் கண்ணாடியும். நம் டெல்டாவில் புவிகாந்தப் புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா, கிட்டத்தட்ட கிடைமட்டம். அதனால் ஒரு முனையில் செங்குத்தாக நிற்கும் 10 செ.மீ. கம்பியில் 2 ஆம்பியர் ஓடினாலே 8 மைக்ரோநியூட்டன் பக்கவாட்டில் தள்ளும். 3 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் லேசர்ப் புள்ளி ஏறக்குறைய ஒரு அடி நகர வேண்டும். போகும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் சேர்த்து முறுக்கிவிட்டால் அந்த 'உந்துவிசை' மறைந்துவிடும்.

சிக்கல் இரண்டு. ஓர் அலைவுக்கு 100 விநாடி ஆகிறது, அடங்க நேரம் பிடிக்கிறது. காந்தம் வைத்து அடக்கினால் சோதனையே கெடும். எண்ணெயில் துடுப்பு நனைத்து அடக்கியவர்கள் யாராவது உண்டா? விளக்கெண்ணெயா, சிலிக்கோன் எண்ணெயா, துடுப்பு எவ்வளவு அகலம்? அடுத்து, பாரத்தில் கம்பி மெல்ல நீண்டு சுழிப்புள்ளி (விசை இல்லாதபோது லேசர்ப் புள்ளி நிற்கும் இடம்) நகர்கிறது. தஞ்சாவூரில் வீணை செய்பவர்களைத் தெரிந்தவர்கள், எந்தக் கம்பி குறைவாக நீளும் என்று கேட்டுச் சொல்லுங்கள்.