ஆண்டர்சன் தெரு ஷட்டரும் ஒரு ஆயில் பெயின்டிங்கும்

போன வருஷம் அம்மாவுக்கு ஸ்கேன் எடுக்க கிரீம்ஸ் ரோடு போயிருந்தோம். ரிப்போர்ட் வர ரெண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். அம்மாவுடன் தங்கையை உட்கார வைத்துவிட்டு டீ குடிக்க வெளியே வந்தவன், லலித் கலா அகாடமி வாசலில் ஓவியக் கண்காட்சி பேனரைப் பார்த்து, உள்ளே ஏசி இருக்கும் என்ற ஒரே காரணத்துக்காக நுழைந்தேன்.

உள்ளே பார்த்தால் சுவர் முழுக்க ஜார்ஜ் டவுன். பாரிமுனை, டேர் ஹவுஸ், அரண்மனைக்காரன் தெரு (ஆர்மேனியன் தெருவைத்தான் நம்ம ஆட்கள் அப்படி ஆக்கிவிட்டார்கள்). 1977 வரை கப்பலுக்கு விளக்கு காட்டிய ஹைகோர்ட் கோபுரமும் இருந்தது. காலண்டர் படத்தில் அதைத் துடைத்து வைத்த மாதிரி காட்டுவார்கள், இங்கே குறுக்கே ஓடும் கேபிள் வயர் ஒன்றைக்கூட விடாமல் ஓவியர் போட்டிருந்தார். எனக்கு அதுதான் பிடித்தது.

அப்புறம் ஆண்டர்சன் தெரு. அங்கே கல்யாணப் பத்திரிகைக் கடை ஒன்றில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லாக் கடையும் மூடியிருக்கிறது, ஓரமாக ஒரு மீன்பாடி வண்டி. அந்த வண்டிக்குப் பின்பாதியே இல்லை. முன் சக்கரமும் ஹேண்டில்பாரும் மட்டும், மிச்சம் வெறும் ரோடு.

பக்கத்தில் ரப்பர் செருப்போடு நின்றவரிடம், அவர்தான் வரைந்தவர் என்று தெரியாமலே, "போட்டோ பார்த்துப் போட்டதா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

"இல்ல தம்பி, ஸ்பாட்ல போட்டது. நாலு ஞாயித்துக்கிழமை. ஏழு மணிக்குப் போய் உட்காந்தா ஒன்றரை மணி நேரம்தான், அதுக்கு மேல நிழல் நகந்துடும். அதைத் துரத்திக்கிட்டே போனா படத்துல ரெண்டு சூரியன் வந்துடும்."

வண்டி என்ன ஆச்சு என்றேன். "ஓட்டுறவர் வந்து எடுத்துட்டுப் போயிட்டார். மிச்சத்தைக் கற்பனையில போடலாம்தான். அதுக்கு நான் வீட்லயே உட்காந்திருக்கலாமே."

இன்னும் கிட்டே போய்ப் பார்த்தேன். எங்கள் கடை ஷட்டரின் அடியில், வலது மூலையில், சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கோணல் தீற்றல். டெம்போ ரிவர்ஸ் எடுக்கும்போது இடித்த நெளிசல் அது! தினமும் ராத்திரி அந்த மூலையை ரெண்டு உதை விட்டால்தான் ஷட்டர் முழுசாக இறங்கும். அவரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நெளிசலா அது? அந்த இடத்துல மட்டும் வெளிச்சம் ஏன் உடையுதுன்னு நாலு வாரமும் புரியல. உடைஞ்ச மாதிரியே வெச்சுட்டேன்."

என்னவென்றே தெரியாமல் அவர் வைத்த அந்தத் தீற்றலைப் பார்த்ததும் என் கால் கட்டைவிரலில் பழைய வலி தெரிந்தது. சத்தியமாக.

விலை கேட்டேன், நம்மால் முடியாது. அவரிடம் கேட்டுக்கொண்டு போனில் ஒரு படம் எடுத்து, பழைய கடைப் பசங்க குரூப்பில் எதுவும் எழுதாமல் போட்டேன். பத்து நிமிஷத்தில் ஒருத்தன் கேட்கிறான்: "டேய், கடைப் பக்கம் வந்திருக்கியா? முன்னாடியே சொல்லக் கூடாதா, இன்னைக்கு எதுக்கு மூடியிருக்கு?"