பறவைக்குள் இருந்த மனிதரைக் குழந்தைகளுக்குக் காட்டலாமா?

ஏற்காட்டு ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இரவு, சேலம் அஸ்தம்பட்டியில் தோழி ஒருவரின் வீட்டு மொட்டைமாடியில் வெள்ளை வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டி, 2014இல் வெளிவந்த ‘ஐ ஆம் பிக் பேர்ட்’ என்ற ஆவணப்படத்தைப் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து பார்த்தோம். அமெரிக்காவில் 1969 நவம்பரில் தொடங்கிய ‘செசமி ஸ்ட்ரீட்’ என்னும் குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், 8 அடி 2 அங்குல உயரமுள்ள மஞ்சள் பறவையாகவும், குப்பைத்தொட்டிக்குள் குடியிருக்கும் சிடுமூஞ்சி ஆஸ்கராகவும் தம் வாழ்நாளைச் செலவிட்ட கேரல் ஸ்பின்னியைப் பற்றிய படம் அது. அவர் 2018இல் ஓய்வு பெற்று, அடுத்த ஆண்டு டிசம்பரில் தமது 85ஆம் வயதில் மறைந்தார்.

படம் முடிந்ததும் மாடியில் பெரிய விவாதமே நடந்தது. பறவையின் உடலைக் கழற்றி, உள்ளே வியர்வையோடு நிற்கும் மனிதரைக் காட்டிவிட்டால் குழந்தைக்கு அந்தப் பறவை இல்லாமலே போய்விடும் என்று ஒருவர் வருந்தினார். நிகழ்ச்சியின் பொம்மைகளை உருவாக்கிய ஜிம் ஹென்சன் 1990 மே மாதம் திடீரென இறந்தபோது, நியூயார்க் பேராலயத்தில் நடந்த நினைவுக் கூட்டத்தில் அந்த மஞ்சள் பறவை தன்னந்தனியாக நடந்து வந்து பாடுகிறதே, அந்த இடத்தில் பெரியவர்கள் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆனால் இதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டாம் என்று சொன்னவர்களும் அவர்களேதாம். தோழியின் மகள், ஐந்து வயதுக் குழந்தை, தாயின் மடியில் படுத்தபடி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “அந்தத் தாத்தாவுக்குக் கை வலிக்காதா?” எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

நான் மலையில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குப் பாடம் நடத்துகிறேன். காப்பித் தோட்டங்களில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளே மிகுதி. அவர்கள் அந்த நிகழ்ச்சியைப் பார்த்ததில்லை. பறவை யாரென்றே அவர்களுக்குத் தெரியாது. இந்தப் படத்தை அவர்களுக்குப் போட்டுக் காட்டலாமா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கூத்துக்காரர் பேரன்:

டீச்சர், அந்தக் குழந்தையின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வலிக்கும்.

ஸ்பின்னி தம் வலக்கையைத் தலைக்கு மேல் நேராக உயர்த்தி, அந்தக் கையால்தான் பறவையின் தலையையும் அலகையும் அசைத்தார். அதே கையின் சுண்டுவிரல்தான் கண்ணிமைகளைத் திறந்து மூடியது. இடக்கை இடச்சிறகுக்குள் இருந்தது. வலச்சிறகுக்குக் கையே மிச்சமில்லை என்பதால், தூண்டில் நரம்பு ஒன்றைக் கழுத்துக்குக் கீழே ஒரு வளையத்தின் வழியாகச் செலுத்தி இரண்டு சிறகுகளையும் இணைத்திருந்தார்கள். இடச்சிறகு இறங்கினால் வலச்சிறகு ஏறும். வெளியே என்ன நடக்கிறது என்பதை, மார்பில் கட்டிய ஒரு சிறிய தொலைக்காட்சித் திரையில்தான் அவர் பார்த்தார். அதில் தெரிவது கேமரா காணும் காட்சி, அதாவது எதிரே நின்று பார்க்கும் ஒருவருக்குத் தெரியும் பறவை. அதைப் பார்த்தபடியே நடக்கவும் ஆடவும் பேசவும் வேண்டும். வசனத் தாளும் உள்ளேயே ஒட்டப்பட்டிருக்கும்.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. என் தாத்தா சேலம் பக்கத்து ஊர்களில் பொம்மலாட்டம் ஆடியவர். நம் மரப்பொம்மைகள் இந்தியாவிலேயே பெரியவை. நாலரை அடி உயரமும் 10 கிலோ எடையும் உள்ள பொம்மைகள் உண்டு. பொம்மையின் கயிறுகளை ஓர் இரும்பு வளையத்தில் கட்டி, அந்த வளையத்தை ஆட்டுபவர் கிரீடம்போலத் தலையில் வைத்துக்கொள்வார். பொம்மையின் கைகளை இரண்டு கம்பிகளால் இயக்குவார். தாத்தா வளையத்துக்கு அடியில் சும்மாடு வைத்துக்கொள்வார், ஆனாலும் அவருடைய உச்சந்தலையைச் சுற்றி முடி முளைக்காத ஒரு வட்டம் கடைசி வரை இருந்தது. ஆட்டம் முடிந்து விடியற்காலையில் வீடு திரும்பினால், பாட்டி ஒரு வார்த்தையும் பேசாமல் அந்த வட்டத்தில் விளக்கெண்ணெய் வைத்துத் தேய்ப்பார்.

சிறுவனாக நான் கறுப்புத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். முன்னால் இருக்கும் கூட்டம் அரிச்சந்திரன் கதையில் சந்திரமதி அழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் சலங்கை கட்டிய தாத்தாவின் பாதங்கள் மண்ணை அழுத்திப் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மறுநாள் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தால் எனக்கும் அழுகை வரும். ஆட்டுபவரைத் தெரிந்துகொண்டதால் எனக்குச் சந்திரமதி ஒரு நாளும் பொய்யாகிவிடவில்லை. எனவே காட்டுங்கள் டீச்சர், தயங்க வேண்டாம்.

சூரமங்கலத்துத் தாய்:

சாவைப் பிள்ளைகளுக்குக் காட்டக் கூடாது என்று சொன்னவர்களின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் முந்தைய பதிலில் வந்த சந்திரமதி ஏன் அழுகிறாள்? பாம்பு தீண்டி இறந்த தன் பிள்ளை லோகிதாசனை மடியில் போட்டுக்கொண்டு அழுகிறாள். ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில் முன்னால் பாய் விரித்து, ஏழு எட்டு வயதில் நாம் எல்லோரும் பார்த்த மயான காண்டம்தானே அது? பாட்டியின் தோளில் சாய்ந்துகொண்டு பார்த்தோம் என்பதால் பயம் வரவில்லை.

செசமி ஸ்ட்ரீட்டிலும் இதற்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்தார். வேறு நடிகரை அமர்த்தியிருக்கலாம், அவர் ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று கதை கட்டியிருக்கலாம். நிகழ்ச்சிக்காரர்கள் இரண்டையும் செய்யாமல், மனநல அறிஞர்களைக் கலந்துகொண்டு, 1983 நவம்பர் 24 அன்று அவர் இறந்துவிட்டார் என்றே குழந்தைகளிடம் சொன்னார்கள். பறவை எல்லோரையும் ஓவியமாக வரைந்து ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, ஹூப்பருக்கு உரியதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் எங்கே என்று கேட்கிறது. இனி வரமாட்டார் என்று பெரியவர்கள் சொல்லும்போது அவர்களுக்கே தொண்டை அடைக்கிறது. அந்த ஓவியங்களை வரைந்தவர் ஸ்பின்னிதான்.

என் மாமனார் தவறிய பிறகு, ‘தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார்’ என்று என் மகனிடம் நான் பல மாதங்கள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் ஒவ்வொரு பேருந்துச் சத்தத்துக்கும் வாசலுக்கு ஓடினான். இன்றும் அதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்வதற்கு இப்படி ஒரு காட்சி அன்று என் கையில் இருந்திருந்தால் நான் பற்றிக்கொண்டிருப்பேன்.

பொன்னம்மாப்பேட்டை நெசவாளர்:

எனக்குப் படத்தின்மீது ஒரு குறை உண்டு. பின்னணி இசை ஓயாமல் நம்மை உருக்கப் பார்க்கிறது. பேராலயக் காட்சிக்கு எந்த இசையின் துணையும் தேவையில்லை. தந்தையின் கோபத்துக்கு அஞ்சி வளர்ந்த பையன், பொம்மை வைத்து விளையாடுகிறான் என்று பள்ளியில் கேலி செய்யப்பட்ட பையன், அவ்வளவு மென்மையான ஒரு பறவையாக எப்படி ஆனான் என்பதே படத்தின் உயிர் என்று நான் கருதுகிறேன். அங்கே இன்னும் சற்று நின்றிருக்கலாம்.

இன்னொன்று, படம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓடுகிறது, முழுவதும் ஆங்கிலம். அந்தப் பறவையை அறியாத பிள்ளைகளுக்கு அதற்குள் இருந்தவரின் வரலாறு எப்படி ஒட்டும்? முதலில் பறவையின் சில காட்சிகளைத் தனியாகக் காட்டி, அதோடு அவர்கள் பழகிய பிறகு ஆவணப்படத்துக்கு வாருங்கள். தொடக்கத்தில் அது அசட்டுத்தனமான ஒரு பெரிய பறவையாகத்தான் எழுதப்பட்டது. அதை ஒரு குழந்தையாக நடிக்கலாம் என்று சொன்னவர் ஸ்பின்னி. ஆறு வயதுக் குழந்தை அது என்று தெரிந்தால் உங்கள் மாணவர்கள் அதைத் தம்பியாக ஏற்றுக்கொள்வார்கள்.

1969இல் சால்ட் லேக் சிட்டியில் நடந்த பொம்மலாட்டக்காரர்கள் விழாவையும் மறவாமல் சொல்லுங்கள். மேடை விளக்கின் வெளிச்சம் திரைமீது விழுந்து ஸ்பின்னியின் காட்சி முழுவதும் பாழானது. நிகழ்ச்சிக்குப் பின் அவரைத் தேடி வந்த ஹென்சன், நீங்கள் செய்ய முயன்றது எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்லித்தான் அவரைத் தம்மோடு அழைத்துக்கொண்டார். தேர்வில் தவறிய பிள்ளையிடம் இதைவிட நல்ல சொல்லை ஓர் ஆசிரியர் சொல்ல முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஏற்காட்டு ஆசிரியை:

மூவருக்கும் என் நன்றி. இரண்டு வாரம் பறவையின் காட்சிகளை மட்டும் காட்டி, மூன்றாம் சனிக்கிழமை ஆவணப்படத்திலிருந்து ஏறத்தாழ நாற்பது நிமிடப் பகுதியை நிறுத்தி நிறுத்தி, தமிழில் சொல்லிக் காட்டுவதாக முடிவு செய்திருக்கிறேன். பேராலயக் காட்சியும் அதில் இருக்கும். அப்போது விளக்கை அணைக்கமாட்டேன், பிள்ளைகளின் நடுவிலேயே உட்கார்ந்துகொள்வேன்.

கூத்துக்காரர் பேரன் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தாவின் வளையம் இன்னும் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் அன்று மலைக்குக் கொண்டுவர முடியுமா?

கூத்துக்காரர் பேரன்:

இருக்கிறது, டீச்சர். பரணில் சாக்கில் சுற்றி வைத்திருந்ததை நேற்று இரவே இறக்கித் துடைத்துவிட்டேன். ஓரத்தில் சற்றுத் துரு ஏறியிருக்கிறது, ஆனால் உறுதியாக இருக்கிறது. சந்திரமதி பொம்மையும் இருக்கிறாள், ஒரு கை மட்டும் கழன்றிருக்கிறது, அதைச் சரிசெய்து எடுத்துவருகிறேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அவளை மடியில்தான் வைத்துக்கொண்டு வர வேண்டும், ஆகையால் காலை முதல் பேருந்திலேயே ஏறிவிடுவேன். பிள்ளைகள் ஒவ்வொருவரும் வளையத்தைத் தலையில் வைத்துப் பார்க்கட்டும். கீழே வைப்பதற்குப் பழைய துணி நிறைய எடுத்து வையுங்கள்.