ஐந்தாம் வகுப்புக்கு 2 மணி நேர வீட்டுப்பாடம்: வாரத்துக்கா, நாளுக்கா?

சாக்பீஸ்தூள்: காலையிலிருந்து நாலு குழுவில் அதே பார்வர்டு. "குழந்தைகள் மூன்று வகை: பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர். உங்கள் பிள்ளையின் வகைக்கேற்ற வீட்டுப்பாடத்தைக் கேட்டு வாங்குங்கள். ஐந்தாம் வகுப்பு வரை எழுதச் சொல்வதே சட்டவிரோதம்." இதை இங்கேயும் ரெட்டைப்பிள்ளை அம்மா ஒட்டியிருக்கிறார், கைகூப்பும் பொம்மையோடு. கணக்கு நடத்தியே ஓய்வு பெற்றவன் சொல்கிறேன்: முதல் பாதி கட்டுக்கதை, இரண்டாம் பாதி பொய். ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் 2020 பள்ளிப்பைக் கொள்கையில் இரண்டாம் வகுப்பு வரைதான் வீட்டுப்பாடம் கூடாது. மூன்று முதல் ஐந்து வரை 2 மணி நேரம் கொடுக்கலாம். படித்துவிட்டுப் பரப்புங்கள்.

ரெட்டைப்பிள்ளை அம்மா: வாரத்துக்கு 2 மணி நேரம் சார். அலகை விட்டுவிட்டு விடை எழுதும் பையனுக்கு நீங்கள் மார்க் போட்டிருப்பீர்களா?

சாக்பீஸ்தூள்: நாளுக்கு என்று நான் எங்கேயம்மா எழுதினேன்? சட்டவிரோதம் என்றீர்கள். 2 மணி நேரம் அனுமதி இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

ரெட்டைப்பிள்ளை அம்மா: வாரத்துக்கு.

தாமிரபரணிக்காரன்: அதற்கு முன்பே 2018-இல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டாயிற்று. நீதிபதி கிருபாகரன் தீர்ப்பு. வீட்டுப்பாடம் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்.

சாக்பீஸ்தூள்: ஒன்று, இரண்டாம் வகுப்புக்குத் தம்பி. அரை வரியை மட்டும் படித்துவிட்டு ஓடிவருவதே உமக்கு வழக்கம். போன மாதம் பொதுத்தேர்வு இழையிலும் இதே கூத்துதான். சரி, அந்த மூன்று வகைக் கதைக்கு வருகிறேன். 2008-இல் பாஷ்லர் உட்பட நான்கு உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசினார்கள். இந்த வகைக்கேற்ப, அதாவது கற்றல் பாணிக்கேற்பப் பாடம் நடத்தினால் பிள்ளை கூடுதலாகக் கற்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றார்கள். அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னரைத் தூக்கிக்கொண்டு யாராவது வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அவர் 1983-இல் எழுதியது பல்வகை அறிவுத்திறன் பற்றி. கற்றல் பாணி வேறு என்று பிறகு அவரே விளக்கம் கொடுத்துவிட்டார். பின்னங்களைக் காதால் கேட்டே கற்கும் பிள்ளையை நான் பார்த்ததில்லை. எல்லாப் பிள்ளைக்கும் தாளை மடிக்கவும் வேண்டும், படம் போடவும் வேண்டும், கடைசியில் உட்கார்ந்து எழுதவும் வேண்டும்.

வெண்பலகை: அப்படியானால் பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரியா சார்? நான் அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியை. தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்ததிலிருந்து, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துத்தான் நடத்துகிறோம். என் மூன்றாம் வகுப்பில் ஒருவன் கடன் வாங்கிக் கழிக்கிறான், பக்கத்தில் இருப்பவனுக்கு 20-க்கு மேல் எண்ணத் தடுமாற்றம். இரண்டு பேருக்கும் ஒரே வீட்டுப்பாடம் கொடுத்தால் யாருக்கு லாபம்?

சாக்பீஸ்தூள்: அரும்பும் மொட்டும் நிலை, மேடம். பாணி இல்லை. நான் சொல்வதற்கு நீங்களே சாட்சி சொல்கிறீர்கள், நன்றி.

வெண்பலகை: நான் உங்களுக்குச் சாட்சி சொல்ல வரவில்லை. செயல்வழிக் கற்றலையும் உங்களைப் போன்ற மூத்தவர்கள் இப்படித்தான் கேலி செய்தார்கள். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்து 2007-இல் மாநிலம் முழுக்கப் போனது. அட்டையை எடுத்து, பாட வரிசையைக் காட்டும் ஏணிப்படி அட்டவணையில் தன் இடத்தைத் தானே பார்த்து, தரையில் உட்கார்ந்து படித்த பிள்ளைகள் அவர்கள்.

தாமிரபரணிக்காரன்: அந்த அட்டையெல்லாம் எங்கள் ஊர்ப் பள்ளி பீரோவில் கரையான் தின்றது மேடம். அதிகாரி வரும் அன்றைக்கு மட்டும் வெளியே வரும்.

வெண்பலகை: உங்கள் ஊர் பீரோவுக்கு நான் பொறுப்பில்லை.

ரெட்டைப்பிள்ளை அம்மா: பேச்சை மாற்றாதீர்கள். வாரத்துக்கு 2 மணி நேரம். என் சின்னவள் நான்காம் வகுப்பு. ராத்திரி ஒன்பது மணிக்குக் குழுவில் வருகிறது: மலரின் பாகங்கள், தெர்மாகோலில், நாளைக்கே. பள்ளிக்கு எதிரே இருக்கும் ஸ்டேஷனரி கடைக்காரர் "எந்த ஸ்கூல், எந்த கிளாஸ்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, ஏற்கெனவே வெட்டி வர்ணம் பூசியதை எடுத்து நீட்டுகிறார். பெயர் எழுதும் இடம் மட்டும் காலி. இம்போசிஷன் வந்தால் நான் இடது கையால் எழுதிக் கொடுக்கிறேன், பிள்ளை கையெழுத்து போல இருக்க வேண்டுமே!

சாக்பீஸ்தூள்: அதற்குப் பெயர் வீட்டுப்பாடமா? அது திட்டப்பணி, தண்டனை. நான் சொல்வது தினமும் ஐந்து கணக்கு.

ரெட்டைப்பிள்ளை அம்மா: தினமும்! பார்த்தீர்களா, வாயிலிருந்து வந்துவிட்டது.

சாக்பீஸ்தூள்: ஐந்து கணக்குக்குப் பத்து நிமிஷம். ஆறு நாள் போட்டாலும் ஒரு மணி நேரம்தான். பெருக்கிப் பாருங்கள்.

வெண்பலகை: தமிழ் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஆளுக்குப் பத்து நிமிஷம் கேட்டால்? அதையும் பெருக்குங்கள்.

அரைடிக்கெட்: நான் பதினொன்றாம் வகுப்பு. எங்களுக்கு அந்தக் கொள்கையில் நாளுக்கே 2 மணி நேரம். டியூஷனில் கொடுப்பது எந்தக் கணக்கில் சேரும் என்று யாராவது சொல்லுங்களேன்.

சாக்பீஸ்தூள்: நீ முதலில் போய்ப் படி. அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பர் 2006-இல் ஆய்வுகளைத் தொகுத்தபோது, ஏழாம் வகுப்பிலிருந்துதான் வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு வலுவாக இருந்தது.

தாமிரபரணிக்காரன்: அப்போ நான்காம் வகுப்புக்கு வலு இல்லை என்றுதானே அர்த்தம்? சொந்தக் கோல் போடுவதில் சார் கெட்டிக்காரர். கேட்க மறந்தே போனேன், முப்பருவம் பற்றிய இழையில் அரசுப் பள்ளியைத் தூக்கிப் பேசினீர்களே, உங்கள் பிள்ளைகள் படித்தது எங்கே?

சாக்பீஸ்தூள்: என் பிள்ளைகள் எங்கே படித்தால் உமக்கென்ன? இதற்குப் பெயர் விவாதமா? அவர்களைக் கான்வென்ட்டில் சேர்த்தது என் மனைவி. வீட்டுப்பாடம் எழுதித்தான் இருவரும் மேலே வந்தார்கள். சட்டவிரோதம் என்று பார்வர்டு பார்த்து வரவில்லை.

வெண்பலகை: கான்வென்ட்டா! இப்போது புரிகிறது.

சாக்பீஸ்தூள்: என்ன புரிகிறது? சொல்லுங்கள் மேடம், என்ன புரிந்தது? நீங்கள் மாறுதல் கலந்தாய்வு பற்றி எழுதியதையெல்லாம் நானும் எடுத்து வைத்திருக்கிறேன். கொள்கையின் அந்தப் பக்கத்தை இன்று சாயங்காலம் இங்கே போடுகிறேன். 2 மணி நேரம் என்று அச்சில் இருக்கிறது. எல்லோரும் பாருங்கள்.

ரெட்டைப்பிள்ளை அம்மா: போடுங்கள் சார். முழுப் பக்கமாகப் போடுங்கள், ஓரத்தை வெட்டாமல். வாரத்துக்கு.