விண்டோஸ்ல பாஸ், லினக்ஸ்ல ஃபெயில்: டெஸ்ட்ல ஃபைல் பாத் தொல்லை

சிறுசேரி_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். பைத்தான்ல ஒரு ரிப்போர்ட் டூல், ஃபோல்டர்ல இருக்கற சிஎஸ்வி (கமா போட்டு பிரிச்ச டேபிள் ஃபைல்) எல்லாத்தையும் படிச்சு எந்த ஃபைல்ல எத்தனை வரின்னு ஜேசான்ல (டேட்டாவை டெக்ஸ்ட்டா வைக்கற ஒரு ஃபார்மட்) எழுதும், அதை கோல்டன் ஃபைலோட (இப்படித்தான் வரணும்னு முன்னாடியே எடுத்து வச்ச அவுட்புட்) ஒத்துப் பாக்கறதுதான் டெஸ்ட். எனக்கு ஆபீஸ்ல குடுத்தது விண்டோஸ் லேப்டாப், கோல்டனும் அதுலதான் எடுத்தேன், புஷ் பண்ணா சிஐ சர்வர் (தானாவே டெஸ்ட் ஓட்டற மெஷின்) உபுண்டு லினக்ஸ்ல ஒரே செவப்பு, அதாவது ஃபெயில். ஃபைல் பாத்ல விண்டோஸ் பேக்ஸ்லாஷ் போடுது, லினக்ஸ் ஸ்லாஷ் போடுது, சரின்னு கோல்டன்ல பேக்ஸ்லாஷ் எல்லாத்தையும் ஸ்லாஷா ரீப்ளேஸ் பண்ணேன், இப்ப எல்லா எடத்துலயும் ரெண்டு ரெண்டு ஸ்லாஷ் வருது. இது போக 'கொள்முதல்'னு ஒரு சிஎஸ்வி, கண்ணு முன்னாடி இருக்கு, ஓப்பன் பண்ணா இல்லைங்குது. வெள்ளிக்கிழமை ரிலீஸ், யாராச்சும் சொல்லுங்கப்பா.

தரமணி_டெஸ்டர்:
ரெண்டு ஸ்லாஷ் ஜேசானால வர்றது ப்ரோ. அதுல ஒரு பேக்ஸ்லாஷ் எழுதணும்னா ரெண்டா போடணும், நீங்க பார்ஸ் பண்ணாம வெறும் டெக்ஸ்ட்ல கை வச்சுட்டீங்க. ரீப்ளேஸ தூக்குங்க, டூல் எழுதற எடத்துலயே பாத்லிப்ல (பைத்தானோட ஃபைல் பாத் லைப்ரரி) ஆஸ்_பாசிக்ஸ் (பாத்தை ஸ்லாஷோட குடுக்கற ஃபங்ஷன்) போட்டு, முழு பாத் இல்லாம மெயின் ஃபோல்டர்ல இருந்து மட்டும் வர்ற மாதிரி எழுதிட்டு கோல்டனை புதுசா எடுங்க. பழைய கோல்டனையே லினக்ஸ்ல படிச்சு ஆஸ்_பாசிக்ஸ் போட்டா ஒண்ணும் மாறாது, அங்க பேக்ஸ்லாஷ் ஃபைல் பேர்ல வரலாம், அது ஒரு சாதா எழுத்து. அப்புறம் சார்ட் பண்றீங்களா? டைரக்டரி லிஸ்டிங் வரிசையை நம்பவே கூடாது, நான் அதுல ரெண்டு நாள் தொலைச்சிருக்கேன்.

வடபழனி_வாத்தியார்:
1983ல டாஸ் 2.0ல (விண்டோஸுக்கு முந்தின மைக்ரோசாஃப்ட் சிஸ்டம்) ஃபோல்டர் வந்தப்ப ஸ்லாஷை ஏற்கனவே கமாண்ட் ஆப்ஷனுக்கு குடுத்துட்டாங்க, அந்த வினையைத்தான் நாம இன்னும் அனுபவிக்கறோம். தம்பி, கொள்முதல் விஷயம் கேப்பிடல், ஸ்மால் லெட்டர் பிரச்சனையா இருக்கும், லினக்ஸ் அதுல ரொம்ப கறார்.

சிறுசேரி_பையன்:
தமிழ்ல ஏது சார் கேப்பிடல் லெட்டர், ஃபோல்டர் பேரும் பாத்துட்டேன். அந்த ஃபைல் விண்டோஸ்லயும் ஃபெயில்தான், டீம்ல ஒரு அக்காவோட மேக்ல மட்டும் பாஸ் ஆகுது. கிளையன்ட் அனுப்பின ஜிப்ல இருந்து நான்தான் எடுத்துப் போட்டேன்.

அயனாவரம்_கோடர்:
மேக்ல மட்டும் பாஸ்னா கண்டிப்பா யூனிகோட்தான், அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர் (கோட் பாயிண்ட்) குடுக்கற முறை. 'கொ'ல வர்ற அந்த உயிர்க்குறியை ஒரே கோட் பாயிண்டாவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டா உடைச்சும் எழுதலாம், பாக்க ரெண்டும் ஒண்ணுதான். பழைய மேக்ல இருந்த ஹெச்எஃப்எஸ் பிளஸ்ங்கற ஃபைல் சிஸ்டம் பேரை உடைச்சுத்தான் வைக்கும். இப்ப இருக்கற மேக் ரெண்டையும் ஒரே ஃபைலா பாக்கும், லினக்ஸும் விண்டோஸும் வேற வேறன்னு சொல்லிடும். எக்ஸ்டென்ஷன் இல்லாம அந்தப் பேருக்கு பைத்தான்ல லென் போட்டு எத்தனை கோட் பாயிண்ட்னு பாருங்க, 9 வரணும். 10 வந்தா பைத்தானோட யூனிகோட்டேட்டா மாட்யூல்ல நார்மலைஸ் என்எஃப்சி பண்ணி (உடைஞ்சதை ஒரே கோட் பாயிண்டா சேக்கறது) ஃபைலை ரீநேம் பண்ணி கமிட் பண்ணுங்க.

சிறுசேரி_பையன்:
10தாங்க!! அனுப்பினவர்கிட்ட கேட்டேன், பழைய ஐமேக்காம். ரீநேம் பண்ணதும் பச்சை. அதே ஜிப்ல 'போக்குவரத்து'ன்னு இன்னொன்னு கெடக்கு, அதுலயும் கொம்பும் காலும் இருக்கு, டெஸ்ட்ல அதை இன்னும் சேக்கல, இப்பவே அதையும் மாத்திடறேன்.