கையால் தீட்டிய கலம்காரியை இனங்காண்பது எப்படி?

கேள்வி (குடந்தைவாசி):
பூசையறைச் சுவரில் மாட்டுவதற்காக, இராமர் பட்டாபிஷேகக் காட்சி அமைந்த காளஹஸ்திக் கலம்காரிச் சீலை (எழுதுகோலால் சாயம் தீட்டிய துணி ஓவியம்) ஒன்றை வாங்க விரும்புகிறேன். ஒரே காட்சியைச் சில நூறு ரூபாய்க்கும் தருகிறார்கள், பல ஆயிரத்துக்கும் தருகிறார்கள். இரண்டையுமே கைவேலை என்கிறார்கள். எதைப் பார்த்து முடிவு செய்வது?

மறுமொழி (சாயவேர்):
முதலில் கருப்புக் கோடுகளைப் பாருங்கள். காளஹஸ்தியில் மூங்கில் குச்சியின் நுனியைக் கூராக்கி, சற்று மேலே கம்பளியோ துணியோ சுற்றி நூலால் கட்டிய எழுதுகோலைப் பயன்படுத்துகிறார்கள். அந்தச் சுற்றை விரலால் அழுத்த அழுத்தச் சாயம் இறங்குவதால், கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் ஓடும். இராமரின் கிரீடத்தில் வரிசையாக உள்ள மணிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். எல்லாம் அச்சுப் பிசகாமல் ஒரே அளவில் இருந்தால் அது கைவேலையன்று. துணியைத் திருப்பியும் பாருங்கள்: கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறிய துணியின் மேல், இரும்பும் வெல்லமும் சேர்த்துப் புளிக்கவைத்த கரைசலால் எழுதும்போது, கடுக்காயின் துவர்ப்புச் சத்தோடு இரும்பு கலந்து இழைக்குள்ளேயே கருப்பாகிறது. பாலின் கொழுப்பு அக்கோட்டைப் பரவவிடாமல் காக்கிறது. மேலாகப் படிந்த அச்சுச் சாயமோ பின்புறத்தில் பெரும்பாலும் வெளிறித் தெரியும்.

மறுமொழி (நெசவுக்காரர் மகள்):
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் கையால் வரைந்தது என்பதும் இயற்கைச் சாயம் என்பதும் வேறு வேறு. படிகாரம் தடவிய இடங்களைச் சாயவேரிலோ மஞ்சிட்டியிலோ கொதிக்கவைத்துச் சிவப்பேற்றுவதே பழைய முறை என்றாலும், இன்று செயற்கைச் சாயத்தைக் கையாளும் ஓவியர்களும் இருக்கிறார்கள். நிறத்தை மட்டும் கண்டு தீர்மானிக்க இயலாது. சிவப்பும் நீலமும் எதிலிருந்து வந்தன என்று வரைந்தவரிடமே கேளுங்கள். மரக்கட்டையால் அச்சிடும் மசூலிப்பட்டினத்துக் கலம்காரியைப் போலி என்று ஒதுக்கவும் வேண்டாம். அது தனி மரபு. அதற்குரிய பெயரோடும் விலையோடும் விற்றால் குறையேதும் இல்லை.

மறுமொழி (திருப்பனந்தாள்காரன்):
குடந்தையில் இருந்துகொண்டு காளஹஸ்தியை மட்டும் ஏன் தேட வேண்டும்? கோயில் தொம்பைகளும் (உருளை வடிவில் தொங்கவிடும் துணி அலங்காரங்கள்) விதானங்களும் தேர்ச்சீலைகளும் தீட்டும் கருப்பூர்க் கலம்காரி மரபு நம் பக்கத்திலேயே சிக்கல்நாயக்கன்பேட்டையில் வாழ்கிறது. 2021இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே நேரில் சென்று பட்டாபிஷேகக் காட்சியைச் சொல்லி வரையச் செய்தால், கைவேலையா என்ற ஐயமே எழாது, கூலியும் உழைத்தவர் கைக்கே போய்ச் சேரும். எங்கே வாங்கினாலும் வெயில் படும் சுவரிலோ விளக்குப்புகை நேராகப் படும் இடத்திலோ மாட்டாதீர்கள். எடுத்து வைக்கும்போது மடிக்காமல் உருளையில் சுற்றுங்கள். இரும்புச் சாயம் நாளடைவில் பருத்தி இழையை அரிப்பதால், பழைய சீலைகளில் கருப்புக் கோடுகள் உள்ள இடமே முதலில் இற்றுப்போகிறது. மடிப்பும் அங்கே விழுந்தால் விரைவில் கிழிந்துவிடும்.